சஹானாவின் இடது கை

ஹெலன் மறுபடியும் அந்தக் கையைத் துடைத்து எடுத்தாள். டர்பன்டைன் நனைத்த துணியால் மணிக்கட்டிலிருந்து கீழே இழுத்தால், காலையில் தீட்டிய ஐந்து விரல்களும் ஒரே இழுப்பில் போய்விடும். மூன்று வருஷமாக அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான். கோயிலுக்குப் போய்வந்து, இருப்பதைச் சாப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படத்தின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காருவாள்.

வயது ஐம்பத்திரண்டு. செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, புதுப்பட்டினத்தில் மாடி வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்களும் ஓய்ந்துபோனார்கள். போனைப் பார்த்துத்தான் வரையக் கற்றாள். முகம் கோணியிருக்கிறதா என்று தெரிய, படத்துக்கு முதுகைக் காட்டி நின்று கைக்கண்ணாடியில் பார்ப்பாள். ஈர மணலின் நிறம் பிடிபடாவிட்டால், வர்ணம் தொட்ட அட்டையோடு கடற்கரைக்குப் போய் மணல்மேல் வைத்து ஒப்பிடுவாள். வலை உதறுகிறவர்களுக்கு இது பழகிவிட்டது. "இன்னாக்கா, இன்னிக்காவது கலர் சிக்குச்சா?" என்பார்கள். "கிட்ட வந்துகினு கீது" என்பாள்.

படத்தில் நிற்பது சஹானா, கீழ்வீட்டில் குடியிருந்த அன்பரசியின் மகள். அன்பரசிக்கும் கணவனுக்கும் ஷிப்டு வேலை. ஹெலன் மதியமே வேலை முடிந்து வந்துவிடுவதால், பால்வாடியிலிருந்து குழந்தையை அழைத்துவந்து, சோறூட்டி, தலை வாரி, இருட்டியதும் ஒப்படைப்பாள். குழந்தை அவளை 'எலன்மா' என்று கூப்பிடும். நாலு வயதில் ஒருநாள் மாமல்லபுரம் கூட்டிப்போனபோது, கடற்கரை போட்டோக்காரர் ஒருவர் படம் எடுத்துக் கொடுத்தார். சாயங்கால வெயில் கரைப்பக்கமிருந்து விழ, கடலுக்கு முதுகு காட்டி நின்ற சஹானாவின் முகம் முழுக்க வெளிச்சம். இடது கையைத் தூக்கி ஹெலனின் ஒரு விரலைப் பிடித்திருந்தாள். ஹெலன் முழங்கை வரைதான் போட்டோவில் விழுந்திருந்தாள்.

சீக்கிரமே அவர்களுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. கிளம்பும்போது அன்பரசி, பாப்பா கடலோரம் நிற்கிற மாதிரி ஒரு படம் வரைந்து தரும்படி கேட்டாள். ஹெலன் போட்டோவில் தன் கை விழுந்த ஓரத்தைப் பின்பக்கம் மடித்து, பலகையில் கிளிப் போட்டு மாட்டினாள். அவர்கள் வீட்டுச் சுவரில் தன் கை எதற்கு என்று தோன்றியது.

வினை அங்கேதான் பிடித்தது. தூக்கிய கை அந்தரத்தில் தொங்கியது. பலூன் கொடுத்துப் பார்த்தாள், சிப்பி, மக்காச்சோளம். எதுவும் நிற்கவில்லை. அன்பரசி போன் செய்தபோதெல்லாம் கை மட்டும் பாக்கி என்றாள். அது பொய்யில்லை. கை முடிந்தால் படம் போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அன்று கையைத் துடைத்து முடித்த சமயம், புதுமனை விழாவுக்கு அழைக்க அன்பரசி மகளோடு வந்தாள். படத்தையும் எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தாள். சஹானாவுக்கு இப்போது ஏழு வயது, முன்பல் இரண்டு இல்லை. அம்மாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் நின்று, "ஹாய் ஆன்ட்டி" என்றாள். ஹெலன் பிஸ்கட் தட்டை நீட்டினாள். குழந்தை ஒன்றை எடுத்துக்கொண்டு படத்தின் அருகே போய் வெகுநேரம் பார்த்தது.

"அம்மா, இதுல நான் யார் கையப் புடிச்சிகினு நிக்கிறேன்?"

"என் கையத்தான். வேற யார் கைய?" என்றாள் அன்பரசி, சாதாரணமாக. பிறகு ஹெலனிடம் திரும்பினாள். "ஆமா, கை சும்மாதான கீது. என் கையையே போட்டுடுங்களேன்க்கா. நல்லாருக்கும்."

ஹெலனின் பார்வை பலகையில் மாட்டியிருந்த போட்டோவுக்குப் போய்வந்தது. மடிப்பைப் பிரித்தால் போதும். அவள் பிரிக்கவில்லை. தூரிகையைத் துடைத்து, கொஞ்சம் மஞ்சளும் பழுப்பும் குழைத்தாள். அன்பரசியை ஜன்னலோரம் உட்காரச் சொன்னாள். வளையலைக் கழற்ற வேண்டாம், அதுவும் இருக்கட்டும் என்றாள்.

அன்பரசி கையை விரித்து நீட்டினாள்.

"அப்டி இல்ல அன்பு" என்று ஹெலன் எழுந்து வந்தாள். "முழுக் கையும் அவளுக்குப் புடிக்க வராது."

அன்பரசியின் நாலு விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே மடக்கி, சுண்டுவிரலை மட்டும் நீட்டிவிட்டாள்.