லாரிக்காரர்களுக்கென்று இருந்த கழிப்பறை

நான் பொய் சொன்னேன். தண்ணீர் வந்துகொண்டிருந்தபோதே வரவில்லை என்று சொன்னேன். ஒருநாள் அல்ல... வருஷக்கணக்காக.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் துப்புரவு வேலை பார்க்கிறேன். பெட்டி ஏற்ற வரும் லாரிகள் வெளியே வரிசையில் நிற்கும். காலையில் வந்தவருக்குச் சாயங்காலம் முறை வந்தால் அதிர்ஷ்டம். வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் டிரைவர்கள் வண்டியை விட்டு எங்கும் போக முடியாது. அவர்களுக்கென்று கேட் அருகே ஒரு கழிப்பறை இருந்தது. அதன் சாவி என்னிடம் இருந்தது.

ஆபீஸ், குடோன், கேட் எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். அத்தனை டிரைவர்களும் போய்வந்த பிறகு அந்த அறையைக் கழுவி நிமிர்ந்தால் முதுகு விட்டுப்போகும். இன்னொரு ஆள் போடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டிருக்க வேண்டும். அவர் முன்னால் எனக்கு வாய் எழாது. டிரைவர்களிடம் மட்டும் எழுந்ததே! மோட்டார் ரிப்பேர், தண்ணீர் வரவில்லை... கூசாமல் சொன்னேன்.

அவர்கள் உடைமரங்களுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். நான் பார்க்காததுபோல் இருந்துகொண்டேன்.

ஆலந்தலையைச் சேர்ந்த சூசை அண்ணாச்சி மட்டும் ஒவ்வொரு தடவையும் வந்து கேட்பார். வயதானவர், சர்க்கரை நோய்க்காரர். ஒருநாளும் திட்டியதில்லை. நீ என்ன செய்வாய் என்று சொல்லித் திரும்பிவிடுவார். ஒரு கோடையில் கேட்பதையே நிறுத்திவிட்டார். ஏன் என்று விசாரித்தேன்.

"தண்ணி குடிச்சாத்தான தங்கச்சி போவணும்? வரிசைல நிக்கும்போது குடிக்கதே இல்ல" என்று சிரித்தார்.

அன்றைக்காவது திறந்திருக்கக் கூடாதா? என்ன மனசு எனக்கு...

பிறகு ஒரு மத்தியானம் லாரியிலிருந்து இறங்கும்போது சுருண்டு விழுந்தார். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். சர்க்கரைதான் காரணம் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம்... அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கொஞ்ச நாள் தூங்கினேன்.

அந்த வாரமே டிரைவர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டு, கழிப்பறையைத் திறக்காமல் பெட்டி எடுக்கமாட்டோம் என்று கேட்டில் உட்கார்ந்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். மோட்டார் நேற்றுத்தான் சரியானது என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டேன். அந்தப் பக்கம் எட்டியே பார்க்காதவர், நம்பினார். டிரைவர்களும் நம்பினார்கள்!

அதோடு விடவில்லை அவர்கள். கழுவுவதற்கு இன்னொரு ஆள் போடச் சொல்லி நின்றார்கள். நான் திகைத்துப்போனேன். முன்னால் நின்ற டிரைவர் என்னிடம் சொன்னார்: "சூசை அண்ணாச்சி ஆஸ்பத்திரில கெடந்துக்கிட்டே சொல்லிவிட்டாரு. ஒத்தப் பொம்பளயால எப்படி முடியும், அவளுக்கும் சேத்துக் கேளுங்கலேன்னு."

ஆள் போட்டார்கள். இப்போது அந்தக் கதவு பூட்டப்படுவதில்லை.

அண்ணாச்சியால் இனி லாரி ஓட்ட முடியாது. போன மாதம் பழைய ஆட்களைப் பார்க்க வந்திருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. குடிக்கத் தண்ணீர் நீட்டினேன். டாக்டர் அளந்துதான் குடிக்கச் சொல்லியிருக்கிறார் என்று மறுத்துவிட்டார். இன்று சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நின்றேன். உங்களிடம் சொல்ல முடிந்த எனக்கு ஏன் அவரிடம் முடியவில்லை?

"இப்ப வேல கொறஞ்சிருக்கா தங்கச்சி?" என்று அவர் கேட்டார்.

குறைந்திருக்கிறது என்று தலையாட்டினேன்.

அவருக்கு எவ்வளவு சந்தோஷம்...