கேசட்டில் வந்த சாமியார் பள்ளிக்கூடம்

‘டக்’ என்று பொத்தான் விழும் சத்தம், அதன்பின் தூரத்தில் மழை பெய்வதுபோல ஓர் இரைச்சல், அதற்கும் பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு ‘ஹலோ, ஹலோ, கேக்கா?’ என்று கேட்பது. எழுபதுகளின் பின்பாதியில், துபாய் சத்வாவில் நாங்கள் குடியிருந்த சின்ன வீட்டுக்கு ஊர்ச் சேதி எல்லாம் இப்படித்தான் வந்தது. டெலிபோன் எங்களுக்கு எட்டாத பொருள், கடிதத்திலோ குரல் இல்லை. ஆகவே கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிற ஆள் யாரிடமாவது கொடுத்தனுப்புவோம், அவர் திரும்பி வரும்போது பதில் கேசட்டோடு வருவார். அப்படி வந்த ஒரு கேசட்டில்தான் எனக்கு ஒரு பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தது.

அந்தக் குளிர்காலத்தில் நான் ஐந்தாம் வகுப்பின் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தேன். நான் படித்த பள்ளியில் அதற்கு மேல் பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். பையன்களுக்கு, அப்பாவின் கம்பெனி டிரைவர் சொல்கிற மாதிரி, ‘கலாஸ்’. எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். ஒரு கட்டுமானக் கம்பெனியில் வரைபடம் போடும் வேலையிலிருந்த என் அப்பாவுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. பையனைத் திருநெல்வேலிக்கு அனுப்பி, ஹாஸ்டலோடு கூடிய ஆண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சேர்க்க வேண்டும், அது கத்தோலிக்கப் பாதிரியார்கள் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளியாக இருக்க வேண்டும். கோயில் குளம் என்று இருந்த குடும்பம்தான் எங்களுடையது; ஆனாலும் படிப்பு என்று வந்துவிட்டால் அப்பாவுக்குச் ‘சாமியார் பள்ளிக்கூட’த்தைத் தவிர வேறு எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. “அங்கன விட்டா டிசிப்ளின் தானா வரும்” என்பார், டிசிப்ளின் என்னவோ ஜலதோஷம் மாதிரி.

அம்மாவுக்கு என்னை அனுப்பவே மனமில்லை. “பத்து வயசுப் பிள்ளைக்கு தலை துவட்டத் தெரியுமா? சட்டைக்குப் பொத்தான் தைக்கத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அடுப்படிக்குப் போய்விடுவாள். நானோ ஒரு காலில் நின்றுகொண்டிருந்தேன். ஹாஸ்டல், பெட்டி, பெட்டிக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி, அந்தச் சாவியைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்வது என்று என் கற்பனை போய்க்கொண்டே இருந்தது.

பரிசீலனைக்கு வந்த பள்ளிகள் இரண்டு. எங்கள் வீட்டுப் பேச்சில் ஒன்று ‘டவுன் பள்ளிக்கூடம்’, இன்னொன்று ‘ஆத்தங்கரைப் பள்ளிக்கூடம்’. டவுன் பள்ளியில் படித்தவர்கள் எல்லாம் என்ஜினியர் ஆகிவிடுகிறார்கள் என்று அப்பா எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார். அங்கே விளையாட்டு நேரத்திலும் புத்தகம் கையில் இருக்க வேண்டும் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். ஆற்றங்கரைப் பள்ளியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் பக்கத்தில் தாமிரபரணி ஓடுகிறது என்பதுதான். எனக்கு அது போதும். லாரியில் வந்து தொட்டியில் இறங்குகிற தண்ணீரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதிலும் ஒரு வாளிக்கு மேல் எடுத்தால் அம்மா கதவைத் தட்டுவாள். தண்ணீர் யாருடைய அனுமதியும் இல்லாமல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும் ஓரிடத்தில் பள்ளிக்கூடமும் இருக்கிறது என்பது எனக்கு நம்ப முடியாத சந்தோஷமாக இருந்தது.

அப்பாவின் மனம் டவுன் பள்ளிப் பக்கம் முக்கால்வாசி சாய்ந்திருந்தது. மீதிக் கால்வாசிக்காக, திருநெல்வேலியிலிருந்த என் தாய்மாமனை, சங்கரன் மாமாவை, இரண்டையும் நேரில் பார்த்துவரச் சொல்லிக் கேசட் அனுப்புவதென்று முடிவாயிற்று. கேசட்டில் பேசுவது எங்கள் வீட்டில் ஒரு விசேஷம். அம்மா தலைவாரி, நல்ல புடவை உடுத்தி, யாரோ தன்னைப் பார்க்கிற மாதிரி முதுகை நிமிர்த்தி உட்காருவாள். அப்பா வானொலிச் செய்திபோல இலக்கணத் தமிழுக்கு மாறிவிடுவார். நடுவில் குக்கர் விசிலடித்தால் அதுவும் ஊருக்குப் போகும். அன்றைக்கு அப்பா பேசியது இது:

“சங்கரா, பள்ளிகளைப் பார்வையிடச் சனிக்கிழமை போய்விடாதே. வாரத்தின் முதல் நாள், வாத்தியார்களுக்குச் சோம்பல் தெளிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை போ. அன்றுதான் வகுப்புகள் முழுமூச்சில் நடக்கும். உனக்கு நான் வாங்கிக் கொடுத்த டேப் ரெக்கார்டரையும் எடுத்துப்போய், பாடம் நடத்துகிற சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பு.”

வாசிப்பவர்களுக்கு இதற்குள் விஷயம் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை. துபாயில் அப்போது விடுமுறை என்றால் வெள்ளிக்கிழமைதான். சனிக்கிழமை வாரம் தொடங்கும், ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு டியூட்டி, எனக்கு யூனிபார்ம். பல வருஷமாக அப்படியே பழகிப்போனதில், ஊரிலும் உலகத்திலும் ஞாயிறு என்று ஒரு லீவு நாள் இருப்பதே எங்கள் நினைவிலிருந்து கழன்று விழுந்திருந்தது. அப்பா பேசி முடித்தபோது அம்மாவும் நானும் தலையாட்டினோம். கேசட், ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த செய்யது பாயின் பெட்டிக்குள் போயிற்று.

செய்யது பாய் காயல்பட்டினத்துக்காரர். எங்கள் தெருமுனையில் துணிக்கடை வைத்திருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் நான் கடைப் பக்கம் நடந்த நடையில் மணலில் ஒரு தடமே விழுந்திருக்கும். கடைப் பையன், “பாய் மாபி, மாபி” என்று கையை விரிப்பான். இல்லை என்பதற்கு அரபியில் அந்தச் சொல்தான். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்தச் சொல்லின் மேலேயே கோபம் வந்துவிட்டது.

ஒருவழியாக ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையில் அத்தர் மணக்க, கருப்பட்டியும் வடகமும் கேசட்டுமாகப் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். “மாப்பிள்ளைக்கு ஸ்கூலே கொண்டாந்திருக்கேன்” என்று என் கன்னத்தைக் கிள்ளினார். அப்பா அவரை உட்காரவைத்து, டேப் ரெக்கார்டரை நடு அறையில் வைத்து, கேசட்டைப் போட்டார். அம்மா தரையில் உட்கார, நான் அவள் முழங்காலை ஒட்டி உட்கார்ந்தேன்.

முதல் பக்கம் டவுன் பள்ளிக்கூடம். ஒரு சங்கிலி கேட்டில் உரசுகிற சத்தம் வந்தது. ஒரு காகம் கத்தியது. பிறகு வயதான குரல் ஒன்று இருமிவிட்டு, “இன்னைக்கு யாரு இருப்பா? நாளைக்கு வாங்க சார்” என்றது. அப்புறம் மாமா: “அத்தான், இவ்வளவுதாம் இங்கன. கேட்டு பூட்டிக் கெடக்கு, ஹாஸ்டல் பக்கமும் வாட்ச்மேன் விடமாட்டேங்கான். மிச்சத்தை அந்தப் பக்கத்துல பாத்துக்கிடுங்க.”

அப்பா புருவத்தைச் சுருக்கினார். “பள்ளிக்கூட நாள்ல கேட்டைப் பூட்டுவானா?” என்று அவர் கேட்டபோதும் எங்களில் யாருக்கும் பொறி தட்டவில்லை. கேசட்டைத் திருப்பிப் போட்டார்.

அடடா, அந்த இரண்டாம் பக்கம்! முதலில் ஒரு மணி, கோயில் மணியைவிட நீளமாக. பையன்கள் கூட்டமாகப் பாடுகிற பாட்டின் வால் ஒன்று. அது முடிந்ததும் மடை திறந்ததுபோல ஒரு கூச்சல், பந்தை உதைக்கிற சத்தம், “ஏல, இங்கன போடுல! ஏல, ஏல!” என்று நூறு குரல். ஒரு விசில். பிறகு நான் அதுவரை கேட்டேயிராத ஒன்று: ‘தொபீர், தொபீர்’ என்று பையன்கள் ஆற்றில் குதிக்கிற சத்தம், அதற்கு அடியில் விடாமல் சலசலவென்று தண்ணீர். நான் எழுந்து நின்றுவிட்டேன். உட்காரு என்று அம்மா சட்டையைப் பிடித்து இழுத்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது.

கூச்சலுக்கு நடுவே ஒரு கனத்த குரல், “ஏல, தலையத் துவட்டுல! சளி புடிச்சா ஒங்க அம்மைக்கு நாந்தான் பதில் சொல்லணும்” என்று அதட்டியது. “இவுகதான் ஹெட்மாஸ்டர் பாதர், அத்தான். அங்கிய வரிஞ்சு கட்டிக்கிட்டு இவுகளே கரையில நின்னு பாத்துக்கிடுதாக” என்றார் மாமா.

“அந்த இடத்தை இன்னொரு தடவை போடுங்க” என்றாள் அம்மா. அப்பா பின்னால் ஓட்டிப் போட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூன்றாம் தடவையும் போடச் சொன்னாள். அவள் என்னை ஊருக்கு அனுப்பச் சம்மதித்தது அந்த மூன்றாம் தடவையில்தான் என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அப்பா மட்டும், “விளையாடுறானுவ, குளிக்கானுவ. பாடம் எங்க? கிளாஸ் எங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். டவுன் பள்ளியிலேயே இடம் கேட்டுவிடுவார் போலிருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் மாமா கடைசியாகப் பேசினார்.

“அத்தான், நீங்க ஞாயித்துக்கெழமை போகச் சொன்னப்ப, லீவு நாள்ல எதுக்குப் போகச் சொல்லுதாகன்னு மொதல்ல எனக்கு வெளங்கல. பெறகுதாம் யோசிச்சேன். பாடம் எல்லாப் பள்ளிக்கூடத்துலயும்தாம் நடக்கு. லீவு நாள்ல பிள்ளைகளை எப்படி வச்சிருக்காங்கன்னுலா பாக்கணும்? என்ன மூளை அத்தான் ஒங்களுக்கு! பாதர்ட்டயும் சொன்னேன். ‘இப்படி யோசிக்கிற தகப்பனை நான் பாத்ததில்ல, பிள்ளையக் கூட்டிட்டு வாங்க, எடம் உண்டு’ன்னுட்டாக.”

டேப் இரைந்துகொண்டே ஓடியது. அப்பாவின் முகத்தில், ஞாயிறு என்றால் ஊரில் என்ன என்பது மெதுவாக வந்து இறங்கியதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்துவிட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. செய்யது பாய் ஒன்றும் தெரியாமல், “மாஷா அல்லா, சார்வாளுக்கு என்ன யோசனை! எனக்குத் தோணலியே” என்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அப்பா இரண்டு தடவை செருமினார். “ஆமா பாய். அதுக்காகத்தான் ஞாயித்துக்கெழமைன்னு குறிப்பாச் சொன்னேன்” என்றார். அதற்குப் பிறகு டவுன் பள்ளியைப் பற்றி அவர் எப்படி வாயைத் திறக்க முடியும்? என் ஆற்றங்கரைப் பள்ளி அந்த ஒரு வாக்கியத்தில் நிச்சயமாயிற்று. நான் வெளியே ஓடிப்போய் மணலில் ஒரு குட்டிக்கரணம் போட்டேன், ‘தொபீர்’ என்று வாயால் சத்தம் செய்துகொண்டே.

ஜூன் மாதம் பூட்டும் சாவியுமாகப் போய்ச் சேர்ந்தேன். கேசட் பொய் சொல்லவில்லை, ஆனால் முழுவதையும் சொல்லவுமில்லை என்பது திங்கட்கிழமை காலையில் தெரிந்தது. ஆற்றங்கரையில் தலை துவட்டச் சொன்ன அதே பாதர், வகுப்பில் பிரம்போடு நின்றார். அப்பா கேட்ட டிசிப்ளின் வாரத்தில் ஆறு நாளும் தாராளமாகக் கிடைத்தது. இருந்தாலும் ஏழாவது நாள் அந்த ஆறு என்னுடையதாக இருந்தது. முதல் முறை குதித்தபோது மூக்கில் தண்ணீர் ஏறி, கண் சிவந்து, கரையேறியதும் மறுபடியும் குதித்தேன். அவ்வளவு சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் அடைந்ததாக ஞாபகமில்லை.

கோடை விடுமுறைக்கு நான் துபாய் வந்தபோது செய்யது பாய் கடையில் பிடித்து நிறுத்திச் சொன்னார்: “வாப்பா, ஒன் சத்தம் எனக்கே மனப்பாடம். எப்ப வீட்டுக்கு வந்தாலும் அந்த டேப்பு ஓடிக்கிட்டு இருக்கும். ‘ஏல, இங்கன போடுல’ங்கிறது எம் பிள்ளதான்னு அம்மா சொல்லுவாக.” நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த டேப் பதிவானபோது நான் திருநெல்வேலியைக் கண்ணால்கூடக் கண்டிருக்கவில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

இப்போது அப்பாவும் இல்லை, பாயும் இல்லை. நாங்கள் இருந்த வீடு சத்வாவில் எந்த இடத்தில் இருந்தது என்று என்னால் சரியாகக் காட்ட முடியவில்லை. பையன்களுக்கு இடமில்லை என்று இன்று யாரும் பிள்ளையை ஊருக்கு அனுப்புவதில்லை. தடுக்கி விழுந்தால் பள்ளிக்கூடம். எல்லாவற்றையும்விட, இங்கே துபாயிலும் இப்போது ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அப்பா செய்த தவறை இனி எந்த அப்பாவும் செய்ய முடியாது. அந்த நாளில் இப்படி இருந்திருந்தால் நான் டவுன் பள்ளியில் படித்து ஒருவேளை என்ஜினியர் ஆகியிருப்பேன். நினைத்தாலே பயமாக இருக்கிறது.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அந்தக் கேசட் அவள் அலமாரியில், துணிகளுக்கு நடுவே இருக்கிறது, போட்டுக் கேட்கத்தான் வீட்டில் கருவி இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன், அந்த டேப்பில் நான் எங்கே இருந்தேன், எதற்குப் பாயிடம் அப்படிச் சொன்னாய் என்று.

“அவர்ட்ட வேற என்னத்தச் சொல்ல? பைத்தியம்னு நெனச்சிருவாருலா” என்றாள் அம்மா. “அதுல நீ இல்லன்னு எனக்குத் தெரியாதா? அது மொதமொதல்ல ஓடுறப்ப நீ எம் முழங்கால ஒட்டி உக்காந்திருந்த. அதத்தான்ல நான் போட்டுப் போட்டுக் கேட்டேன்.”