தௌசீப் அகமது நீக்கிய வரி

தௌசீப் அகமதுவை முட்டாள் என்று சொன்னால் முட்டாள்களுக்குக் கோபம் வரும். முட்டாளுக்கு எப்போதாவது ஒரு சந்தேகம் எழும். இவனுக்கு அதுகூட எழுந்ததில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். திருப்பத்தூரில் பி.எஸ்சி. கணிதம் படித்தவன். கணிதம் தங்கவில்லை, பட்டம் மட்டும் தங்கிவிட்டது.

பெட்டி ஸ்டிக்கர் அச்சடிக்கக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. புரோகிராம் எழுதத் தெரிந்தால் மேனேஜர் ஆகிவிடலாம் என்று யாரோ சொல்ல, பைபாஸ் பக்கத்தில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தான். நடத்தியவள் கலையரசி, குடியாத்தத்துப் பெண். அவனைவிட வயதில் சிறியவள்; அவளை மதிக்காமல் இருக்க அவனுக்கு அதுவே போதும். மற்றவர்கள் கீபோர்டில் எழுத்தைத் தேடித் தடுமாறும்போது இவன் கைகட்டிக் கொட்டாவி விடுவான்.

ஒருநாள் லூப் நடத்தினாள். ஒரே வேலையைக் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பச் செய்யும். சொன்ன எண்ணிக்கை வந்ததும் நிற்க, எத்தனையாவது முறை என்று அது எண்ணிக்கொள்ள வேண்டும். அதற்காகப் பலகையில் இருந்த புரோகிராமின் கடைசி வரியாக i = i + 1 என்று எழுதினாள்.

"இன்னாம்மா இது? தப்பு" என்றான் தௌசீப்.

"எது சார்?"

"ஐயும் ஐ ப்ளஸ் ஒன்னும் எப்டி சமமாவும்? நான் மேத்ஸ் படிச்சவன்."

"இது கணக்கு இல்ல சார். இருக்கறதோட ஒன்னு சேத்து, அதே பேர்ல வெச்சிக்கன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றோம். இல்லாட்டி அது நிக்கவே நிக்காது."

"சும்மா சமாளிக்காத."

பலகையைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பியவன் அதன்பின் வகுப்புக்கே போகவில்லை.

ஒரு ஏற்றுமதி ஆர்டருக்கு ஒன்று முதல் நாற்பது வரை எண் போட்ட ஸ்டிக்கர்கள் தேவைப்பட்டன. "நானே புரோகிராம் எழுதறேன்" என்று உட்கார்ந்தான். படத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டினான். அந்த ஒரு வரியை மட்டும் திருத்தம் என்று நீக்கினான்.

மெஷின் ஓடியது. ஒன்று. ஒன்று. ஒன்று. ஸ்டிக்கர் மேசையிலிருந்து தரைக்கு வழிந்தது. பேக்கிங் பெண்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள். அணைக்கக்கூடத் தோன்றாமல் அவன் திரையை முறைத்துக்கொண்டிருந்தான். பெட்டி ஒட்டும் ஆரோக்கியமேரிதான் எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கினாள்.

மேனேஜர் ஆபித் பாஷா வந்தார். "இன்னா பாய், எல்லாமே ஒன்னாம் நம்பர்?"

"அந்தப் பொண்ணு தப்பா சொல்லிக் குடுத்துட்டா சார்."

அவர் அங்கேயே கலையரசிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "ஐ ஈக்வல் டூ ஐ ப்ளஸ் ஒன், அந்த வரிய போட்டாரா சார்?"

"தப்பா இருக்கறத நான் எப்டி போடுவேன்?" என்றான் தௌசீப், எல்லோர் முன்னாலும், நெஞ்சை நிமிர்த்தி.

ஸ்டிக்கர் வேலை அவன் கையைவிட்டுப் போனது. கம்பெனி செலவில் இப்போது ஆரோக்கியமேரி மாலை வகுப்புக்குப் போகிறாள். தட்டுத்தடுமாறினாலும் கேட்டுக் கேட்டுக் கற்கிறாள்.

தௌசீப் மாறவில்லை. யாராவது பிள்ளை கம்ப்யூட்டர் படிக்கப்போவதாகச் சொன்னால் கடைத்தெருவிலேயே மடக்கி நிறுத்துகிறான். "வேணாம்பா. அஸ்திவாரமே தப்பு. நான் உள்ள போய் பாத்துட்டு வந்தவன்" என்கிறான். பிள்ளைகள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு நடையைக் கட்டுகிறார்கள்.