முண்டாசு கட்டிய விமானி

சுருளிக்குச் சுவரைச் சுரண்டுவதில் அப்படியொரு பிரியம். மற்ற பெயிண்டர்கள் மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு மறுநாளே வர்ணம் பூசிவிடுவார்கள். அவரோ பழைய பூச்சு முழுக்க உதிர்ந்தால்தான் பிரஷ்ஷைத் தொடுவார். இதனாலேயே பல வேலைகள் கைநழுவிப் போயின.

வாடிப்பட்டி நல்லகாமன் தன் பங்களாவுக்கு அவரைக் கூப்பிட்டதும் வேறு ஆள் கிடைக்காமல்தான். 1934-இல் நல்லகாமனின் தாத்தா கட்டிய வீடு அது. வைகாசியில் மகள் பாண்டீஸ்வரியின் கல்யாணத்தை அங்கே முடித்துக்கொண்டு, பிறகு இடித்துக் கடைகள் கட்டுவதாக ஏற்பாடு.

"ஆவணியில இடிக்கப்போற வீட்டுக்கு எதுக்கு சுருளி இம்புட்டு மெனக்கெடுற?"

"அதுவரைக்கும் வீடுதானேண்ணே."

முகப்பின் உச்சியில் புடைப்பாக ஒரு சிமெண்ட் உருவம். எண்பது தொண்ணூறு வருஷச் சுண்ணாம்பு ஏறி மொழுமொழுவென்று கிடந்ததை ஊரார் தாமரை என்றார்கள். மூன்றாம் நாள் சாரத்தில் நின்று சுரண்டியபோது முதலில் ஒரு சக்கரம் தட்டுப்பட்டது. பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள். மதியத்துக்குள் முழு விமானமும் வெளியே வந்துவிட்டது. ஓட்டுகிறவர் தலையில் முண்டாசு. முகத்தில் முறுக்கு மீசை.

"அண்ணே, மேல வந்து பாருங்க. ஒங்க தாத்தா பறந்துக்கிட்டிருக்காரு."

அறுபது வயது நல்லகாமன் கம்பைப் பிடித்துச் சாரத்தில் ஏறினார். அந்த மீசையைத் தடவிப் பார்த்தார். கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் உள்ள அதே மீசை.

"பஸ்ஸுல ஏறவே பயப்படுவாராம், இந்த மனுசன்" என்றவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

பாண்டீஸ்வரி படம் எடுத்து அனுப்ப, மதுரையிலிருந்து கட்டடக்கலை ஆசிரியை தமிழ்வாணி வந்தார். வளைத்துக் கட்டிய மூலைகளையும் சூரியக்கதிர் போட்ட ஜன்னல் கம்பிகளையும் காட்டினார்.

"ரெண்டு உலகப் போருக்கும் நடுவுல கட்டுனதுங்கய்யா. விமானமும் கப்பலும் எல்லாருக்கும் அதிசயமா இருந்த காலம். அந்த ஆசையச் சிமெண்ட்டுல செஞ்சு வச்சிருக்காங்க. இந்த மாதிரி வீடு இந்தப் பக்கம் அதிகம் மிச்சமில்ல."

அந்த வாரமே நல்லகாமன் இடிக்கும் ஒப்பந்தக்காரரிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைகளைப் பின்பக்கக் காலி இடத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று பாண்டீஸ்வரி வழி சொன்னாள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் மணமேடையைவிட முகப்பின் கீழேதான் அதிகம் படம் எடுத்துக்கொண்டார்கள். சுருளியை நல்லகாமன் கையைப் பிடித்து முதல் பந்தியில் உட்காரவைத்தார். சாப்பிட்டு வந்த சுருளியின் மனைவி முருகம்மாள் விமானத்தை அண்ணாந்து பார்த்து அவரிடம் கேட்டாள்:

"ஏங்க, பின்னாடி ஒரு சீட்டு காலியா இருக்கே, யாருக்காம்?"

"ஒனக்குத்தான். ஏறிக்க" என்றார் சுருளி.