மாட்டாத கருவி

நாகலூரில் காப்பி எஸ்டேட் வைத்திருந்த அந்த முதலாளியை ஒரே ஒருமுறை, ஏற்காட்டு டீக்கடை வாசலில் பார்த்தேன். நல்ல வெயிலிலும் ஜெர்கின் போட்டிருந்தார். யார் எதைச் சொன்னாலும் பதிலுக்குச் செல்லைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

வண்டியின் கோளாறை ப்ளூடூத் வழியே செல்லுக்குச் சொல்கிற, தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை அன்று வாங்கியிருந்தார். அதை டிரைவரிடம் கொடுத்து ஜீப்பில் மாட்டச் சொன்னார். உடனே செல் இணைந்துவிட்டது.

"இஞ்சின்ல மூணு கோளாறு காட்டுது, பாரு. வண்டிய நாசம் பண்ணிட்டயே. நாளைலருந்து வேலைக்கு வராதே."

டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். நிதானமாகக் கையை விரித்துக் காட்டினார். "ஏனுங்க மொதலாளி, இதை நான் இன்னும் மாட்டவே இல்லீங்களே."

பக்கத்தில் இஞ்சின் ஓடியபடி நின்றிருந்த என் காரிலும் அதே கருவிதான் இருந்தது. அவருடைய செல் அதோடு சேர்ந்துகொண்டிருக்கிறது. மெல்ல விஷயத்தைச் சொன்னேன்.

டிரைவரிடம் அவர் ஒரு வார்த்தைகூட வருத்தம் தெரிவிக்கவில்லை. ஜீப்பை எடுக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "வண்டிய இப்படியாங்க வெச்சிருப்பீங்க?"

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.