சண்டை நடிகர் தொட்டில் ஆட்டிய படம்

எனக்கு ஒன்பது வயதானபோது, பினாங்குக்கு எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில் அப்பா வேலை பார்த்த இரும்புத் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது. அப்பாவையும் நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளில் அம்மாவுக்கு ரேடியோ பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. காலையில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு அம்மா பஸ் ஏறிப் போவார். அப்பா வீட்டில் இருப்பார்.

எனக்கும் தம்பிக்கும் இதில் ஒரு குறையும் தெரியவில்லை. அப்பா வைக்கும் மீன் கறி அம்மாவுடையதைவிட ருசியாக இருந்தது. என் தலையைப் பின்னிவிடுவதுதான் அவருக்குச் சிரமம். இரும்பு பிடித்த கை. பின்னல் முடிவதற்குள் எனக்குக் கண்ணீர் வந்துவிடும். துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டார் யாராவது வந்தால், வாளியை அப்படியே விட்டுவிட்டு ஸ்பேனரோடு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். வண்டி ஏன் இத்தனை முறை கெட்டுப்போகிறது என்று நான் கவலைப்பட்டதுண்டு.

அப்பாவுக்கு ஒரு சண்டை நடிகர்மேல் அப்படியொரு பற்று. அவருடைய படம் பினாங்குக்கு வந்தால் முதல் வாரமே பார்த்துவிடுவார். அந்த வருடம் வந்தது ஏதோ ஒரு குடும்பப் படத்தின் இரண்டாம் பாகம். அப்பா மற்றதை விசாரிக்கவில்லை. போஸ்டரில் அந்த முகம் இருந்தது, அது போதும். ஞாயிறு மதியம், அம்மா வேலையில் இருக்க, கச்சான் பூத்தே என்ற கடலைப் பொட்டலங்களோடு நாங்கள் மூவரும் போய் உட்கார்ந்தோம்.

பணம் போடாமல் எடுத்த படம் என்பது எனக்கே தெரிந்தது. மூன்று வீடுகளைக் காட்டினார்கள். மூன்றிலும் ஒரே சோபா. மனைவி வேலைக்குப் போய்விட, நம் நடிகர் பிள்ளைகளோடு வீட்டில் மாட்டிக்கொள்கிறார். சோறு பொங்கி வழிகிறது, மாவு டப்பா தலையில் கவிழ்கிறது, கைக்குழந்தை மீசையைப் பிடித்து இழுக்கிறது.

"எந்திரிச்சு அடி லா!" என்று முன்வரிசையில் ஒருவர் கத்தினார்.

நடிகர் சேலையைப் பிழிந்து கொடியில் போட்டபோது, தம்பி எழுந்து நின்று, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "அக்கா, நம்ம அப்பா மாதிரியே செய்றாரு!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அப்பாவோடு பிறையில் வேலை செய்த நண்பர். அப்பா எழுந்து வெளியே போனார். ஒன்றுக்குப் போகிறார் என்று நினைத்தேன். நெடுநேரமாகியும் வராததால் தம்பியை இழுத்துக்கொண்டு தேடிப் போனேன்.

போஸ்டருக்குக் கீழே நின்றிருந்தார். அந்த நண்பரும் எங்கள் பின்னாலேயே வந்துவிட்டார்.

"அண்ணே, பாத்து எத்தன நாளாச்சு. இப்ப எங்க வேல?"

"பட்டர்வொர்த்துல ஒரு எடத்துல போய்க்கிட்டு இருக்கேன்பா."

அப்பா எதையோ மறந்துபோய்ப் பேசுகிறார் என்று தோன்றியது. திருத்தினேன். "இல்ல அங்கிள், அப்பா வீட்டுலதான் இருக்காரு. அவருதான் சமைக்கிறாரு, துணி தொவைக்கிறாரு. எனக்குத் தலகூடப் பின்னிவிடுவாரு."

பெருமையாகத்தான் சொன்னேன். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. என் தோளில் இருந்த அவர் கை இறுகியது. வலித்தது.

நண்பர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "எனக்கும் இன்னும் கெடைக்கலண்ணே. வீட்டுக்காரிதான் போறா. சின்னது நான் தூக்குனாத்தான் தூங்குது."

அப்பாவின் பிடி தளர்ந்தது. "வா, உள்ள போலாம். மிச்சத்தையும் பாத்துருவோம்" என்றார்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். திரையில் அந்த நடிகர் எத்தனையோ பேரை அடித்துப் போட்ட கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, கரகரத்த குரலில் தாலாட்டுப் பாடினார். குழந்தை உறங்குவதற்கு முன்னால் அவரே உறங்கிப்போனார். கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. அப்பாவும் நண்பரும் மட்டும் சிரிக்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்கு அந்த வேடிக்கை புரியவில்லை என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. அவர் காதருகே எக்கி, இதில் எதெல்லாம் வேடிக்கை என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல், கடைசிவரை கவனமாகக் கேட்டுக்கொண்டார்.