மொட்டைப்பனையின் கதவு எண்

பெஞ்சின் ஒரு பாதியில் குடையைக் கிடத்திவிட்டு, மறுபாதியில் அல்போன்சா உட்காருவார். ஏரிக்கரைப் பூங்காவுக்குப் பருந்து பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து நிற்பார்கள். இவர் கண் மட்டும் தண்ணீரில் இருக்கும்.

"மேல பாத்து இன்னா பண்ண? நாமக்கோழிங்க சொல்லும்," என்பார்.

நெற்றியில் வெள்ளை நாமத்தோடு தண்ணீரில் சிதறி மேயும் கறுப்பு நாமக்கோழிகள் திடீரென்று நெருக்கியடித்து ஒரே கும்பலானால், சேற்றுப்பருந்து வந்துவிட்டது. பெரிய நிழல் ஓடியும் அவை சட்டை செய்யாமல் மேய்ந்தால், வந்தது விராலடிப்பான். அது மீனைத் தவிர வேறெதையும் தொடாது. கணவர் அருள்சாமி பக்கத்தில் இருந்த நாளில், அவர் பைனாகுலரின் உறையைக் கழற்றுவதற்குள் அல்போன்சா பெயரைச் சொல்லிவிடுவார். "இத வாங்கினதுக்கு ரெண்டு ஆடு வாங்கியிருக்கலாம்," என்றும் சொல்லிவிடுவார்.

ஈஸ்டருக்கு மறுவாரம் அருள்சாமி இறந்தார். அவர் உட்காரும் பாதியில்தான் இப்போது குடை கிடந்தது. யாராவது உட்கார வந்தால், "ஆள் இருக்குது," என்பார் அல்போன்சா.

பனிக்காலந்தோறும் வடக்கேயிருந்து வரும் விராலடிப்பான் உட்காருவது பூங்காவின் மொட்டைப்பனையில். தலைபோன மரம். அடியில் ஊஞ்சல். விழுவதற்குள் வெட்டிவிட கொம்யூன் பஞ்சாயத்து முடிவு செய்தது. சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் இன்ஜினியரான மகள் ஜாய்ஸ், போனை மரத்தில் சாத்தி அளந்து பார்த்தாள்.

"அஞ்சு டிகிரி சாஞ்சிருக்கும்மா. அவங்க சொல்றது தப்பில்ல."

"ஒங்கப்பாகூட சாஞ்சிதான் நடந்தாரு. வுழுந்தாரா?"

ஜாய்ஸ் போனைப் பையில் போட்டுக்கொண்டாள்.

கல்லறைத் திருநாளுக்காக அருள்சாமியின் கல்லறைக்குச் சுண்ணாம்படித்தது போக, வாளியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. மறுநாள் காலை பனையின் இடுப்பில் வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை. நடுவே கறுப்பில் ஓர் எண். நெடுஞ்சாலை மரங்களுக்கு அரசாங்கத்தில் அடிப்பார்களே, அச்சு அசல் அதே மாதிரி. ரம்பத்தோடு வந்த ஆட்கள் யோசித்தார்கள். எண் போட்ட மரத்தைக் கேட்காமல் தொட்டால் வம்பு. திரும்பிப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம், வெட்டும் வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டரின் மேஸ்திரி நாகராஜன் நேரில் வந்தார்.

"இன்னாமா, எந்த டிபார்ட்மென்ட் நம்பரு இது? எந்த ஆபீஸ்ல கேட்டாலும் எங்களுது இல்லன்றாங்க."

"எங்க வூட்டு நம்பரு."

நாகராஜன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "புள்ளைங்க மேல வுழுந்தா கேசு என் தலையிலமா."

"அப்ப ஊஞ்சல நவுத்து. மரத்தச் சுத்தி கம்பி கட்டு. ஊஞ்சலுக்கு எந்த எடமும் எடந்தான். அந்தப் பறவைக்கு இது ஒண்ணுதான்."

"எந்தப் பறவைக்கு? ஒரு காக்காகூட காணோமே."

அல்போன்சாவின் பயமும் அதுதான். கல்லறைத் திருநாளுக்குள் வந்துவிடுகிற பறவை இந்த வருடம் இன்னும் வரவில்லை. அவர் தண்ணீரைப் பார்த்தார்.

ஏரியின் குறுக்கே ஒரு நிழல் ஓடியது. நாமக்கோழிகள் மேய்ந்துகொண்டேயிருந்தன.

"வந்துட்டாரு," என்றார், தலை நிமிராமல்.

நாகராஜன் அண்ணாந்தார். பனையின் உச்சியில் வெள்ளை வயிற்றோடு ஒரு பருந்து. அதன் காலடியில் ஒரு கெண்டை இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு ஊஞ்சலின் கால்களைத் தோண்டச் சொன்னார். மறுபடியும் அண்ணாந்தார். கழுத்தைத் தேய்த்துக்கொண்டார்.

அல்போன்சா குடையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒக்காருப்பா."